உள்ளங்கால் மை

ஓர் ஊரில் அரசு மருத்துவமனை ஒன்று இருந்தது. அதன் பிரசவ வார்டுச் சுவரில் அரசாணை ஒன்று ஒட்டியிருந்தது. பிறந்த குழந்தை வீட்டுக்குப் போகுமுன் அதன் இதயத்தில் குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்கு வலது கையிலும் ஒரு காலிலும் கிளிப் மாட்டி ரத்தத்திலுள்ள ஆக்சிஜனை அளக்க வேண்டும் என்றது அது. சுவரில் ஒட்டும் காகிதங்கள் பெரும்பாலும் வெளுத்துப்போவதற்கென்றே பிறந்தவை. இது கொஞ்சம் வாயாடி.

அன்று முத்துப்பேச்சி பச்சைப் பிள்ளையோடு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாசலில் ஆட்டோ நின்றது. ராகுகாலம் பிறப்பதற்குள் போய்விட வேண்டும் என்று நாத்தனார் பறந்தாள். கண் படக்கூடாதென்று பிள்ளையின் இரண்டு உள்ளங்காலிலும் மை வைத்தவளும் அவள்தான்.

செவிலியர் அமலோற்பவம் பிள்ளையின் வலது கையில் கிளிப்பை மாட்டினார். தொண்ணூற்றேழு. காலில் மாட்டினார். எண்பத்தெட்டு.

கையில் சரியாகத்தானே காட்டுகிறது, மை வைத்த காலில் மாட்டினால் இப்படித்தான் காட்டும் என்று நாத்தனார் பையைத் தூக்கிவிட்டாள்.

மைக்கு ரோஷம் வந்தது. "இந்தப் பிள்ளைக்குக் காவல் நான். என்னைத் தாண்டி என்ன குறை வந்துவிடும்?" என்று கிளிப்பிடம் சண்டைக்குப் போனது.

"குறை உண்டா இல்லையா என்று எனக்கும் தெரியவில்லை," என்றது கிளிப். "என் வெளிச்சம் உன்னைத் தாண்டினால்தான் தெரியும். நீ இருக்கும்வரை பழியை உன்மேல் போட்டுவிட்டு ஆட்டோ ஏறிவிடுவார்கள்."

"போடட்டுமே. பழி சுமந்தால் எனக்கென்ன?"

சுவரிலிருந்து ஆணை குறுக்கிட்டது. "உனக்கு ஒன்றுமில்லை. போவது பிள்ளையின் உயிர்."

அமலோற்பவம் ஈரப்பஞ்சால் மையைத் துடைத்தார். தண்ணீருக்கு மை இளகுமா? பாதமெல்லாம் அப்பிக்கொண்டது. பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தார். இந்த முறை மை பிடிவாதம் பிடிக்கவில்லை. நன்றாகப் பார் என்று கிளிப்பிடம் சொல்லிவிட்டுப் பஞ்சோடு போய்விட்டது.

கிளிப் மறுபடி பார்த்தது. எண்பத்தெட்டேதான்.

அமலோற்பவம் மருத்துவரைக் கூப்பிட்டார். ஆட்டோ போய் ஆம்புலன்ஸ் வந்தது. உடலின் கீழ்ப்பாதிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய், இதயத்தை ஒட்டிச் சுருங்கியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்து சரிப்படுத்தினார்கள். அன்று வீட்டுக்குப் போயிருந்தால் அந்த வாரமே பிள்ளையைப் பறிகொடுத்திருப்பீர்கள் என்றார்கள்.

பிள்ளை தவழத் தொடங்கியதும் முத்துப்பேச்சி அவனைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு வந்தாள். ஆணையை எழுதியது யாரென்று அவளுக்குத் தெரியாது. சுவரைப் பார்த்தே கையெடுத்துக் கும்பிட்டாள்.

பிள்ளையின் கன்னத்தில் பெரிதாக ஒரு மைப்பொட்டு இருந்தது. இன்னும் மையை விடவில்லையா என்று அமலோற்பவம் கேலி செய்தார்.

"ஊர்க்கண்ணு படக்கூடாதுல்ல சிஸ்டர், அதுக்குத்தான்," என்றாள் முத்துப்பேச்சி. பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள். "உங்க கண்ணு பட்டுத்தான் இவன் பிழைச்சான்."