காவலுக்கு வெச்ச குடம்

ஒரு ஊர்ல ஒரு குழா இருந்துச்சாம். குழாயில என்ன கதைன்னு கேக்காத, எல்லாம் வரும். காலை ஆட்டாம படு. ம் சொல்லு.

அந்தக் குழாயச் சுத்தி வரிசையா சின்னச் சின்ன வீடு. மதுரைப் பக்கம் அதுக்குக் காம்பவுண்டுன்னு பேரு. அம்புட்டுப் பேரும் வாடகைக்கு இருக்கறவங்க, அம்புட்டுப் பேருக்கும் தண்ணி அந்த ஒத்தக் குழாய்லதான். காலையில சொட்டு... சொட்டு... அப்புறம் சளசளசளன்னு வரும். அதுக்கு முன்னாடியே குடமெல்லாம் வரிசையில நிக்கும். குடம் நின்னா ஆளே நிக்கற மாதிரி. யாரும் அடுத்தவங்க குடத்தைப் பின்னாடி நகத்த மாட்டாங்க. ஒருத்தருக்குக் காய்ச்சல்னா, அவங்க முறை வந்ததும் மத்தவங்க ரொப்பி வாசல்ல கொண்டாந்து வெச்சுருவாங்க.

அங்க வெள்ளத்தாயின்னு ஒருத்தி. இடியாப்பம் புழிஞ்சு விப்பா. புருஷன் போய்ச் சேந்துட்டான், புள்ளையும் இல்ல. வாய் மட்டும் ஊருக்கே போதும். எதுத்த வீட்டு சகாயராணிக்கும் அவளுக்கும் குழாயடியில தெனம் சண்டை. ஆனா, உலகத்துல அவளுக்குன்னு இருந்த சொந்தம் அந்தக் காம்பவுண்டுதான். என்ன, சத்தத்தையே காணோம்? ம்... சரி.

அப்புறம் என்னாச்சு, வீட்டுக்காரப் பெரியவரு செத்துப்போனாரு. அவரு மகன் வந்து, "எல்லாரும் காலி பண்ணுங்க, இங்க கல்யாண மண்டபம் வருது"ன்னான். "புள்ளைங்களுக்குப் பரீச்சை முடியட்டும் தம்பி"ன்னு கெஞ்சிப் பாத்தாங்க. அவன் காதுலயே போட்டுக்கல.

அப்போ வெள்ளத்தாயிதான் எல்லாரையும் குழாயடிக்குக் கூப்பிட்டா. "நமக்குள்ள அடிச்சுக்கிட்டது போதும். காம்பவுண்டு வாசல்ல உக்காருவோம். ஆளு இருக்கையில எவன் இடிப்பான்?"னா. சண்டைக்காரி சகாயராணிதான் மொதல்ல வந்து உக்காந்தா.

மொத தடவ, மகன் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வந்தான். யாரும் எந்திரிக்கல. போயிட்டான். ரெண்டாவது தடவ, கடகடகடன்னு இடிக்கற வண்டியே வந்துச்சு. டிரைவரு எட்டிப் பாத்துட்டு, "ஆளு உக்காந்திருக்கற எடத்துல நான் வண்டிய விடமாட்டேன் சார்"னு திருப்பிட்டாரு. அன்னைக்குக் காம்பவுண்டே பாயசம் வெச்சுக் குடிச்சுச்சு.

அப்புறம் சகாயராணி மகளுக்கு வளைகாப்பு, ஆத்துக்கு அந்தப் பக்கம். எல்லாருக்கும் அழைப்பு. அதுவரைக்கும் ஆளுக்கொரு நாள்னு முறை வெச்சு வாசல்ல காவல் இருந்தாங்க; அன்னைக்கு முறை வெள்ளத்தாயிக்கு. சகாயராணி வந்து கையப் புடிச்சா. "நீ வாக்கா. எம் மகளுக்கு நீயும் வளையல் போடணும்." புருஷன் போனதுலேருந்து அவளை ஒரு நல்ல காரியத்துக்கும் யாரும் கூப்பிட்டதில்ல, பாவம். மனசு எளகிப்போச்சு.

"அப்ப வாசல்ல யாரு?"ன்னு ஒருத்தரு கேட்டாரு. "குடத்தை வெச்சுட்டுப் போவோம். நம்ம குடத்தை எவன் நகத்துவான்?"னா வெள்ளத்தாயி.

ஒருத்தருக்கும் அது தப்பாத் தோணல. எப்படித் தோணும்? அவங்களுக்குக் குடம்னா ஆளுதானே. வாசல்ல வரிசையா வெச்சுட்டு, சிரிச்சுப் பேசிக்கிட்டே போனாங்க.

தூங்கிட்டியா? ம்... கேளு.

மூணாவது தடவ, அன்னைக்குப் பாத்து வண்டி வந்துச்சு. டிரைவரு எறங்கி, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"ன்னு கூப்பிட்டாரு. குடம் என்ன, பேசவா போகுது? அவரு ஒவ்வொரு குடமா எடுத்துத் தெருவோரமா வெச்சாரு. அப்புறம் கடகடகட... பொத்து... பொத்து...

சாயங்காலம், கை நெறைய கண்ணாடி வளையல் கிலுக் கிலுக்குன்னு ஆட வந்து நின்னா வெள்ளத்தாயி. குடத்துல ஒரு ஒடுக்குக்கூட விழல. வீடுதான் இல்ல. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லல. திட்டியிருந்தாக்கூட அவளுக்கு ஆறியிருக்கும். "நான்தானக்கா கூப்பிட்டேன்"னு சகாயராணி அழுதா.

அப்புறம் ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க. வெள்ளத்தாயிக்கு ஊருக்கு வெளிய ஒத்த ரூம் ஒண்ணு கெடச்சுது. தனிக் குழா. வரிசை இல்ல, சண்டை போட ஆளும் இல்ல. ஆனாலும், குடத்தை வெச்சுட்டு அவ உள்ள போறதே இல்ல. நெறையற வரைக்கும் பக்கத்துலயே நிக்கறா.

குடம் நெறஞ்சுது, குழாய மூடியாச்சு. நீயும் கண்ணை மூடு.