கால் நொடி

கோயம்புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனி. அங்கே ஒலிப் பிரிவில் குரு ஜெசிந்தா. சீடர் மாசிலாமணி, குருவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். இருபது வருடம் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதிவிட்டு, சத்தத்தின் மேல் ஆசைப்பட்டு வந்தவர். குரு சீடரை சார் என்பார். சீடர் குருவை மேடம் என்பார். மரியாதைக்குப் பஞ்சமில்லை.

அவர்கள் செய்துகொண்டிருந்தது பார்வையற்றவர்களும் ஆடக்கூடிய விளையாட்டு. காட்டுக்குள் அம்பு வரும். வில்லின் நாண் எந்தப் பக்கம் அதிர்கிறது என்று கேட்டு விலக வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்க வாரம் இரண்டு நாள் காதர் பாய் வருவார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். நூறு அம்பில் தொண்ணூறுக்குக் குறையாமல் தப்பிப்பார். பஸ் ஓயாத உக்கடத்து ரோட்டைக் காதை மட்டும் நம்பித் தனியாகக் கடக்கிறவருக்கு இந்த அம்பெல்லாம் எம்மாத்திரம்.

ஒரு தொந்தரவு மட்டும் இருந்தது. சில ஒலிகள் தொடங்கும்போது ‘டிக்’ என்றது. ஒலியைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றினால் அது போய்விடும். ஃபேட்-இன் என்பார்கள். எதற்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் வைக்க வேண்டும். நாலாயிரம் ஒலிக்கு ஆறு வாரம் ஆகும் என்றார் குரு.

மாசிலாமணிக்கு ஆறு வாரம் பொறுக்கவில்லை. தானே வேலை செய்யும் ஒரு கருவியை எழுதினார். எல்லா ஒலிக்கும் ஒரே ஏற்றம், கால் நொடி. மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. ‘நாலாயிரமும் சரி’ என்று திரையில் பட்டியல் வந்தது. குரு பட்டியலைப் பார்த்துத் தலையசைத்தார். எல்லோருக்கும் மைசூர்பாகு கிடைத்தது.

அடுத்த முறை காதர் பாய் நூற்றில் முப்பத்தெட்டுதான் தப்பித்தார். அதற்கடுத்த முறை முப்பத்தொன்று. கண் உள்ளவர்கள் அம்பைத் திரையில் பார்த்தே விலகியதால் அவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. சத்தத்தில் ஏதாவது மாற்றினீர்களா என்று பாய் கேட்டார்.

“டிக்கை மட்டுந்தான் எடுத்தோம் பாய். மத்தபடி அதே சத்தந்தானுங்க” என்றார் மாசிலாமணி.

பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார்.

அதன்பின் பாய் வரவில்லை. வீட்டில் வேலை என்று சொல்லி அனுப்பினார். ஒரு மாதம் கழித்து குரு போன் செய்தபோது அவர் மனைவி எடுத்தார். தன் காதும் போய்விட்டது என்று சொல்லி பாய் அழுகிறாராம். நன்றாக இருக்கிறது என்று இரண்டு டாக்டர்கள் சொல்லியும் நம்பவில்லையாம். ரோட்டைக் கடப்பதையே விட்டுவிட்டார். பள்ளிவாசலுக்குப் போக மருமகன் கை பிடித்துக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது.

குரு போனை வைத்துவிட்டு சீடரிடம் வந்தார். தன் துப்பட்டாவை எடுத்து அவர் கண்ணைக் கட்டினார். ஹெட்போனை மாட்டிவிட்டார்.

“ஆடுங்க சார்.”

இருபது அம்பு வந்தது. பதினேழு பட்டது.

“நாண் சத்தமே இல்லீங்களே மேடம். புஸ்ஸுன்னு ஏதோ வருது, அதுக்குள்ள அம்பு பட்டுருது.”

“அந்தச் சத்தத்தோட நீளமே கால் நொடிதான் சார். ஏறி முடியறதுக்குள்ள சத்தமே முடிஞ்சிருது.”

சீடர் கட்டை அவிழ்க்கவில்லை. அவிழ்த்துவிட்டு யார் முகத்தைப் பார்ப்பது.

“நீங்க ஒலியைப் போட்டுக் கேக்கலை. நானும் கேக்கலை. பட்டியலை மட்டுந்தான் பார்த்தேன்” என்றார் குரு.

நல்லவேளை, மூலக் கோப்புகள் பத்திரமாக இருந்தன. நாண் ஒலியைப் பழையபடி வைக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்று மாலையே லேப்டாப்போடு இரண்டு பேரும் காதர் பாய் வீட்டுக்குப் போனார்கள். மாசிலாமணி நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார். ஒரே ஒரு முறை ஆடிப் பாருங்கள் என்று கெஞ்சினார். பாய் ஆடினார். தொண்ணூற்று நாலு.

மாசிலாமணிக்குப் போன உயிர் வந்தது.

பாய் ஹெட்போனைக் கழற்றி, கையால் தடவி மேஜை எங்கே என்று பார்த்து வைத்தார். “எனக்காகச் சத்தத்தைக் கூட்டி வச்சுக் கொண்டாந்திருக்கீங்க. நல்ல மனசு உங்களுக்கு.”

“இல்லீங்க பாய். சத்தியமா இது பழைய சத்தந்தான்.”

“அன்னிக்கும் அதே சத்தம்னுதானே சொன்னீங்க.”

பாயின் மனைவி கொண்டுவந்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

வாசலுக்கு வந்ததும் ரோட்டில் பஸ்கள் இரைந்துகொண்டு போயின. மாசிலாமணி செருப்பை மாட்டாமல் நின்றார்.

“கோப்பு பத்து நிமிஷத்துல திரும்பிருச்சு மேடம். பாயோட நம்பிக்கையை நான் எப்படித் திருப்பறது?”

குரு ரோட்டைக் கைகாட்டினார்.

“நாளைக்குக் காலைல வந்து பாயை ரோட்டோரம் வரைக்கும் கூட்டிட்டுப் போங்க.”

“கையைப் பிடிச்சு அந்தப் பக்கம் விட்டுடட்டுங்களா?”

“வேண்டாம் சார். நீங்க கண்ணை மூடிக்குங்க. பாய் எப்போ போலாம்னு சொல்றாரோ, அப்போ அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு நடங்க.”