தொப்பையப்பாவுக்கு வந்த பொட்டலம்

வெகுகாலத்துக்கு முன்னால் பவளத்துறை என்ற கடலோர நாட்டைக் கொற்றவேலர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு சட்டம் போடுவார், மத்தியானச் சாப்பாட்டுக்குள் அதை மறந்துவிடுவார். சட்டம் மட்டும் ஊரைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருக்கும்.

அப்படி ஒருநாள் போட்ட சட்டம் இது: அரண்மனை முத்திரை இல்லாமல் கடல் தாண்டி எது வந்தாலும் அதற்குச் சுங்கம் கட்ட வேண்டும்.

சுங்கத் தலைவர் பூதலிங்கத்துக்கு இது போதாதா? பொருளுக்கு ஒரு சுங்கம். அதைச் சுமந்து வந்த கப்பல் கூலிக்கு ஒரு சுங்கம். இரண்டையும் கூட்டி அந்தத் தொகைக்கும் ஒரு சுங்கம். போதாததற்கு அவிழ்த்த கூலி, திரும்பக் கட்டிய கூலி, கிடங்கு வாடகை. தின்பண்டம் வந்தால் ருசி பார்த்துத்தான் மதிப்புப் போடுவார். துணி வந்தால் மூலையில் ஒரு சாண் வெட்டி மாதிரி எடுப்பார். பிழைக்க வந்த வெளிநாட்டுக்காரர்கள், ஊரிலிருந்து பொட்டலம் வந்திருக்கிறது என்றாலே தலையில் கை வைத்துக்கொள்வார்கள்.

அவர்களில் ஒருவர் சுதர்மன். ராஜாவுக்குக் கப்பல் கட்டச் சாவகத் தீவிலிருந்து வந்த தச்சர். அவர் மனைவிக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. அவர்கள் வீட்டில் எந்தக் குழந்தை பிறந்தாலும் ஒரே பழைய துணியை விரித்துத்தான் முதன்முதலாகத் தொட்டிலில் போடுவார்கள். சுதர்மனே அதில் கிடந்தவர்தான். பௌர்ணமிக்குத் தொட்டில் போட வேண்டுமென்று அவர் அம்மா அந்தத் துணியைக் கப்பலில் அனுப்பியிருந்தாள்.

சுங்கச்சாவடியில் பூதலிங்கம் அதை உதறிப் பார்த்தார்.

"துவைத்துத் துவைத்து நைந்துபோன துணி, ஐயா. இதற்கு என்ன மதிப்பு இருக்கப்போகிறது?" என்றார் சுதர்மன்.

"மதிப்பில்லாத துணிக்கா உன் அம்மா இவ்வளவு கப்பல் கூலி கொடுத்தாள்? கூலியைப் பார்த்தாலே தெரியவில்லையா, இது பெரிய சரக்கென்று?"

"நான் கேட்கவில்லை, ஐயா. அம்மாவாக அனுப்பியது."

"அம்மா அக்கரையில் இருக்கிறாள். என் கைக்கு எட்டுவது நீதான். நாளைக்குள் கட்டு. இல்லையென்றால் மாதிரி வெட்டிக்கொண்டு மீதியை ஏலம் விடுவேன்."

கேட்ட தொகை சுதர்மனின் அரை வருஷச் சம்பளம். அவர் நேரே மந்திரி நல்லசிவத்திடம் ஓடினார். மந்திரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தக் கப்பலில் அரண்மனைக்கு ஏதாவது வந்திருக்கிறதா?" என்றார்.

"இளவரசி ராஜாவுக்கு அனுப்பிய அதிரசம் வந்திருக்கிறது. மாலுமி கொண்டுவரப் போகிறார்."

இளவரசி சாவகத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அப்பாவின் பிறந்தநாளுக்கு வருஷாவருஷம் தன் கையாலேயே அதிரசம் சுட்டு அனுப்புவாள். மந்திரி துறைமுகத்துக்குப் போய், அந்தப் பொட்டலத்தின் மேலே அரண்மனை முத்திரையோடு சுற்றியிருந்த பட்டுத் துணியைக் கழற்றினார். உள்ளே சாதாரணத் துணி. அதில் இளவரசியின் கையெழுத்தில் 'தொப்பையப்பாவுக்கு' என்று இருந்தது. சின்ன வயதிலிருந்தே ராஜாவை அவள் கூப்பிடுவது அப்படித்தான். அந்தப்புரத்தைத் தாண்டி அது யாருக்கும் தெரியாது.

"இதை மற்றப் பொட்டலங்களோடு சுங்கச்சாவடியிலேயே கொடுத்துவிடு" என்று மாலுமியிடம் சொல்லிவிட்டு, மந்திரி வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் பிறந்தநாள் சபை. மந்திரி சுதர்மனையும் வரச்சொல்லி ஓரமாக நிற்க வைத்திருந்தார். ராஜா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "கப்பல் வந்துவிட்டதாம். என் மகளின் அதிரசத்தை மட்டும் காணோம்."

"வந்துவிடும், பிரபு. அதுவரை சுங்கத் தலைவர் தம் திறமையைக் காட்டட்டுமே" என்றார் நல்லசிவம்.

பூதலிங்கம் பூரித்துப்போய் ஒரு பொட்டலத்தை எடுத்துவரச் சொன்னார். "பாருங்கள், பிரபு. நேற்று வந்த தின்பண்டம். மூன்று விதச் சுங்கம் போட்டிருக்கிறேன். யாரோ தொப்பையப்பாவாம். பெயரே சொல்கிறது, தின்பதைத் தவிர வேறு வேலை இல்லாத ஆள். எவ்வளவு கேட்டாலும் கட்டிவிடுவான்."

ராஜாவின் கை மெல்லத் தம் வயிற்றுக்குப் போனது. "உள்ளே எத்தனை இருக்கிறது?"

"ஒன்று, பிரபு. மதிப்பு சரியாக வர வேண்டுமே. சாவடியில் நாங்கள் ஆறு பேர்."



"அந்தத் தொப்பையப்பா நான்தான்" என்றார் ராஜா. "என் பெண் அடுப்பில் வெந்து சுட்டு அனுப்பியதை ஊரே தின்றுவிட்டு, எனக்குக் கணக்கு நீட்டுகிறதா? முத்திரை எங்கே போனது?"

"நான்தான் கழற்றினேன், பிரபு" என்றார் நல்லசிவம். "முத்திரை இல்லாதவர்களுக்குப் பொட்டலம் எப்படிப் போய்ச் சேருகிறது என்று தாங்கள் ஒருமுறை பார்க்க வேண்டுமென்றுதான். இந்தச் சுதர்மனின் அம்மா பேத்திக்கு அனுப்பிய துணியை இன்று வெட்டப்போகிறார்கள்."

ராஜா அந்த ஒற்றை அதிரசத்தைக் கையில் எடுத்தார். பிறகு அதைப் பிட்டுப் பாதியை மந்திரியின் கையில் வைத்தார். அன்றைக்கு அதைவிடப் பெரிய பரிசு அவரிடம் இல்லை. "இனி வியாபாரச் சரக்குக்கு மட்டும் ஒரே ஒரு சுங்கம். வீட்டிலிருந்து வீட்டுக்கு வருவதை யாரும் தொடக்கூடாது" என்றார்.

வெட்டுப்படாத துணி சுதர்மன் கைக்கு வந்தது. அவர் அதை அங்கேயே கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

திடீரென்று ராஜாவுக்கு ஒரு கவலை வந்தது. "நல்லசிவம், நான் மகளுக்கு அனுப்புகிற வடகம் அவள் கைக்கு முழுசாகப் போய்ச் சேருகிறதா?"

"அங்கேயும் ஒரு பூதலிங்கம் இருப்பாரே, பிரபு."

"அப்படியானால் நம்முடையவரே கொண்டுபோகட்டும். முத்திரை வேண்டாம். சுங்கம் கேட்டால் அவர் மடியிலிருந்து கட்டட்டும்."

பௌர்ணமியன்று குழந்தை பழைய துணியில் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. சில வாரம் கழித்து, பூதலிங்கம் சாவகச் சுங்கச்சாவடியின் வரிசையில் வடக மூட்டையோடு நின்றார். அங்கிருந்த அதிகாரி ஒரு வடகத்தை எடுத்துக் கடித்தார். "பொரிக்காமல் மதிப்புப் போட முடியாதே" என்று சொல்லிவிட்டு, எண்ணெய்ச் சட்டியைக் கொண்டுவரச் சொன்னார்.