ஒரு சொட்டுகூடக் கூடாது

கடலுக்கே உத்தரவு போடுகிற படகு முதலாளி கஸ்பார் சம்மாட்டி. அவருடைய விசைப்படகில் எஞ்சினைப் பார்த்துக்கொள்பவர் தொம்மை. புரொப்பெல்லர் தண்டு படகை விட்டு வெளியே போகிற இடத்தில், கயிறு சுற்றி நட்டால் இறுக்கிய கிளாண்டு என்கிற அடைப்பிலிருந்து கடல்நீர் சொட்டுவதை ஒருநாள் சம்மாட்டி பார்த்துவிட்டார்.

"புதுப் படகுல ஒழுக்கா? ஒரு சொட்டுகூட விழக் கூடாது. விழுந்தா நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

"தண்டு சூடாகாம இருக்கத்தான் சம்மாட்டி அந்தச் சொட்டு."

"எனக்கே பாடமா?"

தொம்மை கிளாண்டின் நட்டை முழுக்க இறுக்கினார். சொட்டு நின்றது.

"நீங்களே கை வச்சுப் பாருங்க. ஈரம் பட்டா நான் போயிடுறேன்."

சம்மாட்டி மிடுக்காகக் கிளாண்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். தொம்மை எஞ்சினை ஓட்டினார். கை காய்ந்தே இருந்தது. சம்மாட்டி சிரித்தார். கொஞ்ச நேரத்தில் கயிறு கருகும் வாடை வந்தது. அவர் கையை உதறிக்கொண்டு, "தண்ணி ஊத்துடா!" என்று அலறினார்.

தொம்மை எஞ்சினை நிறுத்திவிட்டு வாளியோடு வந்து நின்றார்.

"எத்தனை சொட்டு சம்மாட்டி?"

சம்மாட்டி சிவந்த உள்ளங்கையை வாளித் தண்ணீரில் முக்கினார்.

"நீ வழக்கமா விடுற அளவு," என்றார்.