துண்டு போட்ட நாற்காலி

பஸ் கம்பெனி முதலாளி வேதாசலத்துக்கு நூற்றில் எழுபது பங்கு இருந்தது. தான் தோற்கவே மாட்டோம் என்ற எண்ணம் மட்டும் நூற்றுக்கு நூறு இருந்தது. மீதி முப்பது பங்கு, போனஸுக்குப் பதிலாக அதை வாங்கிக்கொண்ட தொழிலாளர்களிடம். டெப்போ நிலத்தை அவர் சத்தமில்லாமல் விற்கப்போகிறார் என்று தெரிந்ததும், போர்டில் எங்களுக்கும் ஓர் இடம் வேண்டுமென்று கண்டக்டர் சடையப்பன் போய் நின்றான்.

"இருக்கறது மூணு நாற்காலி. நான், என் பையன், மாப்பிள்ளை. ஓட்டுல ஜெயிச்சா நீயும் உட்காரு" என்றார் முதலாளி.

"அப்ப மூணு நாற்காலிக்கும் சேர்த்து ஒரே ஓட்டெடுப்பா வைங்க. பங்குக்கு மூணு ஓட்டு. பிரிச்சும் போடலாம், ஒருத்தருக்கே குவிச்சும் போடலாம்."

"உனக்கு மூணுன்னா எனக்கும் மூணுதானேப்பா" என்று சிரித்தபடியே விதியை மாற்றினார் முதலாளி.

தேர்தலன்று அவர் கையில் இருநூற்றுப்பத்து ஓட்டு. ஒன்று குறைந்தாலும் மாப்பிள்ளை முகத்தைத் தூக்கிக்கொள்வார் என்று ஆளுக்கு எழுபதாகப் பிரித்தார். தொழிலாளர்களின் தொண்ணூறும் சடையப்பனுக்கே விழுந்தது.

அவன் வந்து முதல் நாற்காலியில் துண்டைப் போட்டான்.

"எப்படிடா?" என்றார் முதலாளி.

"ஒரு துண்டை மூணு சீட்டுக்கு விரிச்சா ஒண்ணுமே கிடைக்காதுங்க. நாங்க ஒண்ணுல போட்டுட்டோம். இன்னும் ரெண்டு சீட்டு இருக்குது, உங்க மூணு பேருக்கும் சமமான ஓட்டு. யாரு நின்னுக்கிட்டு வர்றீங்க?"

முதலாளி திரும்பிப் பார்த்தார். பையனும் மாப்பிள்ளையும் அதற்குள் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள்.