கயித்தான் எடுத்த கம்பு

கடலில் பாதி ஆயுளைக் கழித்த ஒருவர், மலை ஆற்றில் தூண்டில் போடக் கற்றுத்தரும் ஒரு பெண்ணிடம் மாணவராகப் போய்ச் சேர்ந்தார்.

அவர் பெயர் கயித்தான். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோர ஊர். ஆள் நீளத்துக்கும் மேலான மயில்மீனை ஒற்றை ஆளாக வள்ளத்தில் இழுத்துப் போட்டவர் என்று ஊரில் அவரைக் கைகாட்டிச் சொல்வார்கள். நெஞ்சில் அடைப்பு வந்து பிழைத்தபின், இனிமேல் கடல் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் டெல்பின் நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பாவைத் தன்னோடு அழைத்து வந்துவிட்டாள்.

மலைக்கு வந்தவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். சாப்பிடுவார், படுப்பார். மற்ற நேரம் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். டெல்பின் வேலைக்குப் போகும்போது எப்படி இருந்தாரோ, திரும்பி வரும்போதும் அப்படியே இருப்பார்.

பிரிசில்லாவிடம் போகச் சொன்னது அவள்தான். பிரிசில்லா கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தியவர். வேலையை விட்டுவிட்டு ஆற்றோரத்தில் வீடு எடுத்து, ட்ரவுட் மீனுக்கு ஃபிளை தூண்டில் போடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். கயித்தானைவிட இருபது வயதாவது இளையவர்.

கயித்தான் வெறுங்கையோடு போகவில்லை. டவுனில் ஒரு கடையில் இருந்ததிலேயே பெரிய தூண்டில் கம்பாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போனார். தடித்த கம்பு, கை நிறையும் ரீல், முரட்டு நூல்.

"டீச்சர், மீன் பிடிக்க எனக்குச் சொல்லித்தர வேண்டாம். இந்தக் கம்பு சரிதானான்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

"ஆத்துக்குப் போவோம் அண்ணா" என்றார் பிரிசில்லா.

ஆறு என்று சொன்னார்களே தவிர, ஒரு வள்ளத்தைக் குறுக்கே போட்டால் அடைத்துக்கொள்ளும் அகலம். இரண்டு பக்கமும் மரங்கள் கவிழ்ந்திருந்தன. தண்ணீருக்கு அடியில் கிடந்த கூழாங்கல்லை ஒவ்வொன்றாகப் பார்க்க முடிந்தது.

பிரிசில்லா நூல் நுனியில் தூண்டில் முள்ளைக் கட்டிக் கொடுத்தார். இறகைச் சுற்றி ஈ மாதிரி செய்த முள். உள்ளங்கையில் வைத்தால் இருப்பதே தெரியாது.

"இதுக்கு எடையே இல்லையே. எப்படிப் போய் விழும்?"

"நூலோட எடைதான் இதைக் கொண்டுபோகும். கம்பைப் பின்னால வீசி, முன்னால விடுங்க."

கயித்தான் பின்னால் வீசினார். முள் மரக்கிளையில் மாட்டியது. இழுத்து அறுத்தார். வேறு முள் கட்டி மறுபடி வீசினார். இந்த முறை முரட்டு நூல் தண்ணீரில் பளீரென்று அடித்தது. கல்லிடுக்கில் இரண்டு மூன்று நிழல்கள் அசைந்து மறைந்தன. அதன்பிறகு எவ்வளவு வீசியும் ஒன்றும் இல்லை.

"இந்த ஆத்துல மீன் கிடையாது" என்றார்.

"இருந்துச்சு. நீங்க வந்தது தெரிஞ்சதும் போயிருச்சு."

கயித்தான் முகம் இறுகியது. கம்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் அவர் போகமாட்டார் என்றுதான் டெல்பின் நினைத்தாள். அவளுக்கு முன்னால் எழுந்து கிளம்பிப் போயிருந்தார்.

பிரிசில்லாவின் வீட்டில் ஒரு அறை முழுக்கக் கம்புகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. குட்டை, நெட்டை, விரல் தடிமன், ஈர்க்குச்சி மாதிரி மெலிந்தது. பக்கத்தில் ரீல்களும் நூல்களும்.

"என் கம்பு ஆகாது. தெரிஞ்சுபோச்சு. இதுல எது ஆகும், சொல்லுங்க."

"நீங்களே எடுங்க."

கயித்தான் ஒவ்வொன்றாக எடுத்து முழங்காலில் ஊன்றி வளைத்துப் பார்த்தார். வளைய மறுத்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஏன் இது?"

"உடையாது."

"எந்த மீன் வந்து உடைக்கும்?"

அவர் அதை வைத்துவிட்டு, இருந்ததிலேயே மெலிந்த கம்பை எடுத்தார்.

"ஏன் இது?"

"அது வேண்டாம்னீங்க. அதான் இது."

"நான் வேண்டாம்னு சொல்லலையே. எந்த மீன் உடைக்கும்னுதான் கேட்டேன்."

கயித்தான் கம்பைச் சுவரில் சாய்த்தார். சாய்த்த வேகத்தில் மற்றவை சரிந்தன.

"என்னை வச்சுக் கேலி பண்றீங்களா? நான் கடல்ல நின்னவன் டீச்சர். என் வலையில சோறு தின்ன குடும்பம் ஊருக்குள்ள எத்தனை இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

பிரிசில்லா சரிந்த கம்புகளை எடுத்து நிறுத்தினார். நிறுத்தி முடித்துவிட்டுக் கேட்டார்.

"கடலுக்குப் போறப்ப எந்த வலையை எடுக்கணும்னு எப்படித் தீர்மானிப்பீங்க?"

"இது என்ன கேள்வி? சாளைக்கு ஒரு வலை. சீலாவுக்கு ஒரு வலை. காத்து எங்கேயிருந்து வருது, நீவாடு எந்தப் பக்கம் இழுக்குது, மீன் மேல நிக்குதா அடியில நிக்குதா... எல்லாம் பாத்துட்டுத்தான் வலையில கை வைப்போம்."

"நீவாடுன்னா?"

"தண்ணியோட ஓட்டம். அது தெரியாதவன் கடல்ல இறங்கக் கூடாது."

"இந்த ஆத்தோட நீவாடு எந்தப் பக்கம் இழுக்குது அண்ணா?"

கயித்தான் ஆறு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினார்.

அதற்குப் பின் பல நாள் அவர் கம்பைத் தொடவில்லை. காலையில் வருவார். ஆற்றுக்குப் போவார். ஒரு பாறையின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு தண்ணீரையே பார்ப்பார். காய்ந்த இலையைக் கிள்ளி ஓட்டத்தில் விட்டு, அது எங்கே சுழல்கிறது, எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். தேயிலை பறிக்கப் போகும் பெண்கள் பாலத்தில் நின்று அவரைப் பார்த்துவிட்டு, நர்ஸம்மாவின் அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இரவு சாப்பாட்டில் அவராகவே பேச ஆரம்பித்தார்.

"வளைவுல ஒரு பாறை இருக்கில்ல, அதுக்குப் பின்னால தண்ணி தூங்குது. மீன் அங்கதான் நிக்கும். ஓட்டத்துல நின்னா அதுக்கு அலுப்பு. பக்கத்துல ஓட்டம் இரையைக் கொண்டுவரும். இது தலையை மட்டும் நீட்டி வாங்கிக்கும். புத்திசாலி மீன்."

டெல்பின் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் நிறுத்திவிடக் கூடாது என்று குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை.

ஒருநாள் ஆற்றிலிருந்து நேராகப் பிரிசில்லாவின் வீட்டுக்கு வந்தார். சட்டையின் முன்பக்கம் முழுக்கப் பாசி.

"டீச்சர், அந்த ரூமைத் திறங்க."

திறந்தார்.

"மரம் தலைக்கு மேலேயே கவிஞ்சு கிடக்கு. நெட்டைக் கம்பு ஆகாது. ஆனா கரையில செடி இருக்கு, ரொம்பக் குட்டையும் ஆகாது. என் உயரத்துக்கு மேல ரெண்டு சாண் இருந்தாப் போதும்" என்று சொல்லிக்கொண்டே கம்புகளை ஒதுக்கினார். "மீன் ஒரு சாண், மிஞ்சினா ஒன்றரை. அதுக்குத் தடிக்கம்பு எதுக்கு? நுனி வளையணும். அப்பத்தான் சின்ன மீன் தொட்டாலும் கைக்குத் தெரியும். அதுக்காக ஈர்க்குச்சியும் வேண்டாம், நான் புதுசா வீசுறவன். கையில கொஞ்சம் கனம் தெரிஞ்சாத்தான் எப்ப விடணும்னு புரியும்."

ஒரு கம்பை எடுத்து அசைத்துப் பார்த்தார். பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"நூல் எது?"

"நீங்க சொல்லுங்க."

"இந்தக் கம்புக்குன்னு உள்ள எடையில, மிதக்குற நூல். அதைவிடக் கனமாப் போட்டாத் தண்ணியில அடிக்கும், மீன் ஓடிப்போகும். நுனியில மெல்லிசுத் தங்கூசி நரம்பு. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே, நூல் கண்ணுல படக் கூடாது. ரீல் எதுவா இருந்தாலும் சரிதான். சாண் மீன் எங்க ஓடப் போகுது? நூலைச் சுத்தி வச்சுக்கத்தான் அது."

"முள்?"

கயித்தான் சட்டைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே செத்துப்போன பழுப்புநிறப் பூச்சி ஒன்று.

"வெயில் சாயுறப்ப இதுதான் தண்ணி மேல வந்து இறங்குது. இதே நிறத்துல, இதே அளவுல குடுங்க. போதும்."

பிரிசில்லா கொஞ்ச நேரம் பூச்சியைப் பார்த்தார். கயித்தானைப் பார்த்தார். பிறகு தன் பெட்டியைத் திறந்து, அவர் கேட்டது மாதிரியே ஒரு முள்ளை எடுத்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து டெல்பினும் ஆற்றுக்கு வந்தாள். கயித்தான் முட்டிபோட்டு நகர்ந்து வளைவின் கீழ்ப்பக்கம் போய் நின்றார். முதல் இரண்டு வீச்சும் தப்பாக விழுந்தன. அவர் அவசரப்படவில்லை. தண்ணீர் அடங்கும்வரை காத்திருந்து மூன்றாவது முறை வீசினார். முள் பாறைக்கு மேல்பக்கம், ஓட்டத்தின் ஓரத்தில் இறங்கியது. மிதந்து வந்தது. பாறையின் பக்கம் தண்ணீர் லேசாக உடைந்தது.

கம்பு வளைந்தது. கயித்தானின் தோள் தானாகத் திமிறியது. பெரிய மீனை இழுத்துப் பழகிய தோள். அதை அடக்கிக்கொண்டு மணிக்கட்டை மட்டும் உயர்த்தினார். மீன் இப்படியும் அப்படியும் ஓடியது. அவர் விட்டுக்கொடுத்து, வாங்கி, மறுபடி விட்டுக்கொடுத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்.

கையை நனைத்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே மீனைத் தாங்கிப் பிடித்தார். பக்கவாட்டில் சிவப்புக் கோடு ஓடிய ட்ரவுட். ஒரு சாணுக்கு நான்கு விரல் கூட. மீனைப் பிடித்தபடி குனிந்தே இருந்தார். டெல்பின் பதறி அவர் முகத்தைப் பார்த்தாள். நெஞ்சு வலி இல்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

முள்ளைக் கழற்றிவிட்டுக் கையை விரித்தார். மீன் கொஞ்சம் தயங்கி நின்றுவிட்டுப் போனது.

பாலத்திலிருந்து ஒரு பெண் கேட்டாள். "என்ன மீனுங்க? எம்மாம் பெரிசு?"

கயித்தான் நிமிர்ந்து நின்று இரண்டு கையாலும் அளவு காட்டினார். ஒரு விரல்கூடக் கூட்டிக் காட்டவில்லை.

பாலத்தில் போன் சிக்னல் கிடைக்கும். அங்கே ஏறி, ஊரில் தன்னோடு தொழில் செய்த சிலுவையைக் கூப்பிட்டார்.

"லே சிலுவை, இன்னைக்கு ஒரு மீன் பிடிச்சேன். ஒரு சாணும் நாலு விரலும் இருக்கும்."

மறுமுனையில் சிலுவை சிரிப்பது டெல்பினுக்கே கேட்டது. சாண் மீனைக் கயித்தான் வலையிலிருந்து உதறி எறிந்த காலத்தை அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

கயித்தான் முழுக்கக் கேட்டார். "சிரிச்சு முடிச்சிட்டியா? ஒருநாள் இங்க வா. வந்து நீ ஒண்ணு பிடிச்சுக் காட்டு" என்று சொல்லிவிட்டுப் போனைப் பையில் போட்டார்.

இறங்கி வந்தபோது பிரிசில்லா நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். கயித்தான் அவர் எதிரில் வந்து நின்றார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். இந்தக் கம்பு, இந்த நூல், இந்த முள், எல்லாம் உங்க வீட்டுலயேதான் இருந்துச்சு. உங்களுக்கு முதல் நாளே தெரியும். அன்னைக்கே என் கையில குடுத்திருந்தா, அன்னைக்கே மீன் பிடிச்சிருப்பேனே."

"பிடிச்சிருக்கலாம்" என்றார் பிரிசில்லா. "ஆனா அது நான் பிடிச்ச மீனா இருந்திருக்கும் அண்ணா."

கயித்தான் நூலை அவர் கையிலிருந்து வாங்கி, மிச்சத்தைத் தானே சுற்றினார்.