நூறாவது குழந்தை

"டாக்டர் விரல் வைக்கற எடத்துல கையெழுத்துப் போட்டுட்டு வரவேண்டியதுதான். நமக்கென்ன தெரியும்?"

ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் இருந்த ஒரு தாய் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது, உள்ளே டாக்டர் இளம்பரிதியின் காதில் விழுந்தது. அவருக்கு வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது.

அந்த மருத்துவமனையில் ஒரு தடுப்பூசிப் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. ஒன்றரை மாதக் குழந்தைக்கு இரண்டு ஊசி போடுவது வழக்கம். ஐந்து நோய்களுக்குச் சேர்த்து ஒன்று, போலியோவுக்குத் தனியாக ஒன்று. இரண்டையும் ஒரே ஊசியில் அடக்கினால் அதே பாதுகாப்பு கிடைக்குமா என்று பார்க்க, நோய்நொடி இல்லாத நூறு குழந்தைகள் வேண்டும். தொண்ணூற்றொன்பது சேர்ந்துவிட்டன. பதிவுக்கு இன்று மாலை கடைசி.

இளம்பரிதிக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தைந்து வருடம் சொந்தமாக கிளினிக் நடத்தியவர். ஆராய்ச்சி கற்க ஆசைப்பட்டு, தன்னைவிடப் பதினாறு வயது இளையவரான டாக்டர் மெஹருன்னிசாவிடம் மூன்று மாதமாக மாணவராக இருக்கிறார். நூறு குழந்தைகளைச் சேர்ப்பது, மெஹருன்னிசா அவரை நம்பிக் கொடுத்த முதல் வேலை.

பெஞ்சில் பேசிய தாய் உள்ளே வந்தாள். பெயர் அஞ்சுகம். மடியில் குழந்தை கொட்டாவி விட்டது. இளம்பரிதி நான்கு பக்கச் சம்மதப் படிவத்தை வாசிக்கத் தொடங்கினார். முதல் பக்கம் முடியவில்லை, அவள் பேனாவுக்குக் கை நீட்டிவிட்டாள்.

"எங்க சார் போடணும்?"

இளம்பரிதி பேனாவைக் கொடுத்தார். அதற்குள் பக்கத்து அறையிலிருந்து மெஹருன்னிசா கூப்பிட்டார்.

"சார், டீ குடிக்க வாங்க."

"ஒரே நிமிஷம் மேடம். நூறு ஆகப்போகுது. அந்தம்மாவுக்கு முழுச் சம்மதம்" என்றபடி இளம்பரிதி அந்த அறைக்குள் போனார்.

"முழுச் சம்மதமா?"

"பேனாவைக் கேட்டு வாங்கறாங்க. இதுக்கு மேல என்ன வேணும் மேடம்?"

மெஹருன்னிசா ஃபிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி, ஸ்பூனால் கலக்கி நீட்டினார். தினமும் பதினொரு மணிக்கு அவர் கொடுப்பதும், இளம்பரிதி குடிப்பதும் வழக்கம். இன்றும் முகம் கோணாமல் குடித்து முடித்தார்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாருந்துச்சு மேடம்."

"அதுல உப்புப் போட்டிருந்தேன்."

"தெரிஞ்சுது மேடம்."

"பின்ன ஏன் குடிச்சீங்க?"

"நீங்க குடுத்தீங்களே."

மெஹருன்னிசா கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். இளம்பரிதியும் பார்த்தார். அஞ்சுகம் பேனாவின் மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தாள்.

இளம்பரிதி போய் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பேனாவைக் குடும்மா. முதல்ல பேசுவோம். வேண்டாம்னாலும் பாப்பாவுக்கு வழக்கமான ரெண்டு ஊசி இன்னிக்கே போடுவோம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

அவள் பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"புது ஊசி போட்டா ஜுரம் வருமா சார்?"

"வரலாம். பெரியவங்களுக்குப் போட்டுப் பார்த்தாச்சு, பயமில்ல. பச்சைக் குழந்தைங்களுக்கு ஜுரம் ஜாஸ்தியா வருமா, கொறச்சலா வருமான்னு இனிமேதான் பார்க்கணும்."

"அப்ப உங்களுக்கே தெரியாதா?"

இருபத்தைந்து வருடத்தில் எந்தத் தாயிடமும் சொல்லாத வார்த்தையை இளம்பரிதி சொன்னார்.

"தெரியாதும்மா."

அஞ்சுகம் சிரித்துவிட்டாள்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார். இவளுக்கு அந்த ரெண்டு ஊசியே போடுங்க. நீங்க கண்டுபிடிச்சு வைங்க, அடுத்த புள்ளைக்குப் பார்த்துக்கலாம்."

கடிகாரத்தில் பன்னிரண்டு. இளம்பரிதி படிவத்தை மடித்து உள்ளே வைத்தார். இரண்டு ஊசியையும் அவரே போட்டார். குழந்தை இரண்டுக்கும் தனித்தனியாக அழுதது.

மாலை வரை வேறு யாரும் வரவில்லை.

"தொண்ணூற்றொன்பதுதான் மேடம்."

"தெரியும் சார். உட்காருங்க." மெஹருன்னிசா டம்ளரை நீட்டினார். "இந்தத் தடவை சர்க்கரைதான்."

"எத்தனை ஸ்பூன் மேடம்?"

"எப்பவும் போல ரெண்டு."

"எனக்கு ஆறு வருஷமா சுகர் மேடம்" என்று சொல்லி, இளம்பரிதி டம்ளரை அவர் பக்கமே நகர்த்தி வைத்தார்.